திங்கட்கிழமை வாசனை

அங்கதான், அங்கதான் டாக்டரம்மா. அந்த எடந்தான் நாலு நாளா என் உயிர எடுக்குது. சொறிஞ்சேனா? ஐயையோ, சத்தியமா கையே படல. கதவு நெலையில முதுகச் சாச்சு லேசா இப்பிடி அப்பிடி ஆடினேன், அவ்வளவுதான். அது சொறியறதுல சேராதுல்ல? சேருமா? சரி, அப்ப சொறிஞ்சேன்னே எழுதிக்கோங்க.

எத்தன எடத்துல செவந்திருக்கு? ரெண்டா? திங்கக்கிழம முதுகுல ஒட்டிவிட்ட முப்பத்தெட்டு ஒட்டுல ரெண்டே ரெண்டுதானா? வெளிய உக்காந்திருக்காளே என் மக சிசெல், அவ கேட்டா ஏமாந்துபோவா. கொறஞ்சது பத்தாவது இருக்கும்னு நோட்டும் பேனாவுமா காத்திருக்கா.

மொதல்ல இதச் சொல்லுங்க, இருபத்தாறாம் நம்பர் எப்பிடி இருக்கு? ஒண்ணுமில்லையா? நல்லாப் பாத்தீங்களா? அப்பாடி. அது எங்க மாடியில எதுத்த வீட்டு ஆக்னெட்டெயோட சரக்கு, துணி தொவச்சதும் கடைசியில ஊத்துற வாசனத் தண்ணி. எம்பத்தோரு வயசு பொம்பள. அதப் பத்தி வரேன்.

செவந்தது ஒண்ணு என்னன்னீங்க? ஓக் மரத்துப் பாசியா? மரத்துல நரச்ச தாடி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுவா? அதையா எடுத்து வாசனைக்குப் போடறாங்க? நல்லா இருக்கு போங்க. ஊர் நாயெல்லாம் காலத் தூக்குற மரத்துலேர்ந்து சொரண்டி எடுத்து, குப்பியில அடச்சு, மூஞ்சில தடவிக்கச் சொல்றாங்க.

இன்னொண்ணு? ம். முப்பத்தெட்டாம் நம்பரா. லேபிள் இல்லாத டப்பா.

அது வந்து... அது என் மக கொண்டாந்த பையில இருந்தது இல்ல. உங்க ஆஸ்பத்திரி ஒட்டும் அவ பைச் சாமானும் சேந்து முப்பத்தேழுதான். திங்கக்கிழம அவ வண்டி நிறுத்தப் போனப்ப நர்ஸம்மா கையில நைசாக் குடுத்து இதையும் சேத்து ஒட்டுங்கன்னு சொன்னேன். மாத்திர டப்பாவுல என்னத்த ஊத்தி எடுத்துட்டு வந்தீங்கன்னு அந்தம்மாவும் கேட்டாங்க. வீட்டுச் சாமான்னு சொன்னேன். வீட்டுச் சாமாந்தான். என் வீட்டுது இல்ல, அவ்வளவுதான்.

சொல்றேன், சொல்றேன். நான் இப்பிடியே செவத்தப் பாத்து உக்காந்துக்கறேன். உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு வராது. கதவு சாத்தியிருக்குல்ல?

போன செப்டம்பர்ல வந்துச்சு மொதத் தடிப்பு. வலது கன்னம், காதுக்குக் கீழ, கழுத்து. அந்த ஒரு பக்கம் மட்டும். எங்க ஊர் டாக்டர்கிட்டப் போனேன். அவரு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, அம்மா நீங்க ஃபோன எந்தக் காதுல வெச்சுப் பேசுவீங்கன்னாரு. வலதுன்னேன். அதேதான், எடது காதுக்கு மாத்துங்கன்னாரு. மனுஷனுக்கு என்ன பெருமங்கறீங்க, ஏதோ புதுத் தீவக் கண்டுபிடிச்ச மாதிரி.

என் மக அதோட விடுவாளா? அவளுக்கு ஓட்டல் சமையக்கட்டெல்லாம் சோதிக்கிற உத்தியோகம். ஸ்வென்போர்க் டவுன்ல அவளப் பாத்தாலே சமையக்காரங்க கையக் கழுவுவாங்க. ஒரு சனிக்கிழம காலங்காத்தால ரப்பர் கையுறையோட வந்து என் வீட்ட அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுட்டா. பாத்திரம் வெளக்குற சோப்பு, மேஜ தொடைக்கிற எண்ணெ, கழுவுற தொட்டிக்கு ஊத்துற எலுமிச்ச வாசன, துணி அலமாரியில வெச்சிருந்த லாவெண்டர் பூப் பை, கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி கூட. ஒவ்வொண்ணா எடுத்துக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு லேபிளப் படிப்பா. லினலூல், லிமோனீன், ஜெரானியால்னு வாசனச் சரக்குப் பேரையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பா. சிலதுல ஒண்ணுமே இருக்காது, வெறும் பர்ஃப்யூம்னு ஒத்த வார்த்த. அதப் பாத்தா அவளுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். அம்மா, இந்த ஒரு வார்த்தைக்குள்ள அம்பது சரக்கு ஒளிஞ்சிருக்கலாம், யாரு என்னன்னு சொல்லவே மாட்டாங்கம்பா. எனக்கு என்னடான்னா, நல்ல வேள, மனுஷங்களுக்கு லேபிள் ஒட்டலன்னு தோணும்.

சிரிக்காதீங்க. அவளக் கிண்டல் பண்ணல நான். அவ அப்பா வெர்னர் இருமிக்கிட்டே இருந்தாரு ஒரு வருஷம். சளிதான், சளிதான்னு நாங்களும் விட்டுட்டோம். கண்டுபிடிச்சப்ப ஒண்ணும் மிச்சமில்ல. ஒம்பது வருஷமாச்சு. அப்பாவக் கோட்ட விட்டேன், உன்ன விடமாட்டேம்மான்னு என் சமையக்கட்டுல நின்னு அழுதா, கையில பாதி மெழுகுவத்தியோட. அவகிட்ட எப்பிடிப் பொய் சொல்ல மனசு வரும்? வந்துச்சு, அதான் கூத்து.

நெசக் காரணம் எனக்கு எப்பத் தெரியுமான்னா... அக்டோபர்ல.

அவரு ஒருத்தர். பேரா? பேரு மெதுவா. வயசு எழுபத்தி நாலு. பெண்டாட்டி தவறி மூணு வருஷம். தீவுக்குப் போற ஃபெரி கப்பல்ல எஞ்சின் பாத்துக்கிட்டவரு. ஒரு விருந்துல எல்லாரும் ஹால்ல உக்காந்து பேசிட்டிருக்க, நாங்க ரெண்டு பேரு மட்டும் சமையக்கட்டுல தட்டுக் கழுவினோம். நான் கழுவ, அவரு தொடைக்க. அறுபது தட்டு. அறுபதாவது தட்டத் தொடச்சுட்டு, திங்கக்கிழம நான் மீன் வறுப்பேன், ஒருத்தனுக்கு வறுத்தா சட்டி பெருசாத் தெரியுதுன்னாரு. எனக்கு எழுபத்தோரு வயசு டாக்டரம்மா, ஒரு ஆம்பள சட்டியப் பத்திப் பேசறானா வேற எதப் பத்திப் பேசறான்னு எனக்குத் தெரியாதா?

அப்பறம் ஒவ்வொரு திங்கக்கிழமையும். மககிட்ட சீட்டாடப் போறேன்னு சொல்லிருவேன்.

போனதும் கதவத் தொறப்பாரு, குனிஞ்சு கட்டிப்பிடிப்பாரு. நல்ல ஒசரம். அவரு எடது கன்னம் என் வலது கன்னத்துல வந்து ஒக்காரும். அப்பிடியே கொஞ்ச நேரம். சவரம் பண்ணிட்டுத் தடவியிருப்பாரு பாருங்க ஒரு லோஷன், மழ பேஞ்ச காட்டுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கும். அதோட வீடு திரும்புவேன். செவ்வாக்கிழம ஒண்ணுமிருக்காது. புதங்கிழம காலையில கண்ணாடியப் பாத்தா, கன்னம் கோழிக் கொண்ட மாதிரி.

எனக்கும் மொதல்ல ஒறைக்கல. அக்டோபர்ல ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல், போகல. அந்தப் புதங்கிழம கன்னம் வெண்ணெ மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் பொறி தட்டிச்சு. அடுத்த திங்கக்கிழம போனதும் வேணும்னே தலைய அந்தப் பக்கம் திருப்பி எடது கன்னத்தக் குடுத்தேன். புதங்கிழம எடது பக்கம் செவசெவன்னு! ஊர் டாக்டர்கிட்டக் காட்டினேன். அவரு குதிச்சாரு பாருங்க. பாத்தீங்களா, காது மாத்தினீங்க, தடிப்பும் மாறிச்சு, நான் சொல்லல, ஃபோன்தான்னு!

ஆமா டாக்டர், இனிமே கொறச்சுப் பேசறேன்னுட்டு வந்தேன்.

இதையும் சொல்லிடறேன், மறச்சு என்னாகப் போவுது. இடுப்புல ஒண்ணு வந்துச்சு. வலது பக்கம், பின்னால. லோஷன உள்ளங்கையிலதான ஊத்தித் தடவுவாங்க? அஞ்சு வெரலும் எண்ணலாம் போல இருந்துச்சு. அத மகளுக்குக் காட்டவே இல்ல. இன்னிக்குப் பாத்தீங்கன்னா மறஞ்சிருக்கும். தேடாதீங்க.

இதுக்குள்ள என் மக ஒரு அட்டவணை போட்டுட்டா. எந்த நாள்ல வருது, எந்த நாள்ல போகுதுன்னு. புதங்கிழமதான் வருது. அப்பிடின்னா ஒண்ணு ரெண்டு நாளைக்கு முன்னாடி என்னமோ படுதுன்னு கண்டுபிடிச்சா. கெட்டிக்காரி, அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. அம்மா, திங்கக்கிழம சீட்டாடறதத் தவிர வேற என்ன பண்றன்னா. துணி தொவைக்கிறேன்னேன். அதும் நெசந்தான். எங்க கட்டடத்துல கீழ பொதுவாத் துணி தொவைக்கிற அற, திங்கக்கிழம காலையில எட்டு மணி என் மொற. எனக்கு முன்னாடி ஏழு மணி யாரு? ஆக்னெட்டெ.

முடிஞ்சுச்சு. அந்த மெஷின்ல ஆக்னெட்டெ ஊத்துற வாசனத் தண்ணி ஒட்டிக்கிட்டு, அப்பறம் என் தலகாணி ஒறையில ஏறி, என் கன்னத்துல எறங்குதுன்னு தீர்ப்பாயிருச்சு. கீழ அந்தக் கதவுல ஒரு நோட்டீசும் ஒட்டிட்டா, இந்தக் கட்டடத்தில் ஒருவர் நோயுற்றிருக்கிறார்னு. அன்னிக்குச் சாயங்காலம் ஆக்னெட்டெ என் கதவத் தட்டினா. கையில அந்த நீலப் பாட்டில். என்னோட நேரா சமையக்கட்டுக்கு வந்து தொட்டியில கடகடன்னு ஊத்திட்டா. என்னால உன் மூஞ்சி கெட்டுப்போச்சே ரிக்மோர், எனக்குத் தெரியாதேன்னு அழுகுறா. கல்யாணமான நாள்லேர்ந்து அவ படுக்க விரிப்பு அந்த வாசனதான். இப்ப ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்குங்கறா, ராத்திரி தூக்கம் வரலங்கறா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? காப்பி போட்டுக் குடுத்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. அந்தக் காப்பி எனக்கு எறங்கல டாக்டரம்மா. வெஷம் மாதிரி இருந்துச்சு.

அதான் அந்தத் திங்கக்கிழம அவர்கிட்டச் சொல்லிரணும்னு போனேன். மீன் வறுத்துட்டிருந்தாரு. உங்க லோஷன்தாங்க என் கன்னத்தக் கெடுக்குது, நிறுத்துங்கன்னேன். சொல்லிட்டுச் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அடுப்ப அணச்சாரு. கன்னத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. வான்னுட்டு குளியலறைக்குக் கூட்டிட்டுப் போயி சுவத்து அலமாரியத் தொறந்தாரு. வரிசையா நிக்குது பதினோரு பாட்டில், பிரிக்காம.

அவரு பெண்டாட்டி எல்லென் வாங்கி வெச்சது. அந்தம்மா படுக்கையில இருந்தப்ப, அந்த லோஷன இனிமே செய்யப்போறதில்ல, இருக்கிறதோட சரின்னு சேதி வந்திருக்கு. தன்னக் கார்ல ஏத்திட்டுப் போகச் சொல்லி, ஜெர்மன் எல்லையத் தாண்டி, கட கடையா ஏறி எறங்கி வாங்கியிருக்கு. ஏறி எறங்கினது அவருதான், அந்தம்மா வண்டியில கம்பளியச் சுத்திக்கிட்டு உக்காந்து அந்தக் கடையப் பாரு, இந்தக் கடையப் பாருன்னு வெரட்டியிருக்கு. வருஷத்துக்கு ஒரு பாட்டில் ஆகும்னு கணக்குப் போட்டு, நான் போனப்பறம் நீ எண்ணெ நாத்தத்தோட ஊரச் சுத்தக்கூடாதுன்னுச்சாம்.

அவ கணக்குப்படி எனக்கு எம்பத்தஞ்சு வரைக்கும் இருக்குன்னாரு.

அந்தம்மாவ எனக்கும் நல்லாத் தெரியும். ஊரு சின்னதுதானே. பேச்சுக்கு நடுவுல உரக்கச் சிரிக்கும், ஆப்பிள் கேக்கு பிரமாதமாப் பண்ணும், என் கேக்க மட்டும் கொஞ்சம் ஒலந்திருக்கு ரிக்மோர்னு எல்லார் முன்னாடியும் சொல்லும். சாப்பிடாம வந்துட்டேன். மீன் சட்டியில அப்பிடியே கெடந்துச்சு.

அடுத்த திங்கக்கிழம நான் போகல. அவரும் ஏன் வரலன்னு கேக்கல. அதுக்கடுத்த வாரமும் அப்பிடியே. சீட்டாட்டத்துக்குப் போகலையாம்மான்னு மக கேட்டா. கட்டு காணாமப் போச்சுன்னேன். அந்த ரெண்டு வாரமும் கன்னம் சுத்தமா இருந்துச்சு. கண்ணாடியில பாத்தா எனக்கே பிடிக்கல. இவ்வளவு நல்ல கன்னத்த வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு இருந்துச்சு. மகளுக்கு ஒரே குஷி. ஆக்னெட்டெ நிறுத்தினா, தடிப்பு நின்னுச்சு, கணக்கு சரியாப் போச்சு! ஆனா அந்தக் கட்டடம் இனி ஆகாதும்மா, நாளைக்கு வேற ஒருத்தி குடிவந்து வேற ஒண்ண ஊத்துவா, எங்க வீட்டுக்கே வந்துரு, தோட்டத்துப் பக்கத்து ரூம ஒழிச்சுத் தரேன்னு ஆரம்பிச்சா. பெயிண்டும் அடிச்சாச்சு டாக்டரம்மா. வாசனையில்லாத பெயிண்ட். ஏப்ரல் ஒண்ணாந்தேதி வண்டி சொல்லியிருக்கா. அங்க போனா நான் தும்மினாக்கூட நோட்டுல எழுதுவா. திங்கக்கிழமையாவது ஒண்ணாவது!

மூணாவது திங்கக்கிழம மணி அடிச்சுது. கதவத் தொறந்தா அவரு. எங்க கட்டடத்துக்கு அவரு வந்ததே இல்ல. கையில மீன் பொட்டலம். கன்னத்துல ரெண்டு எடத்துல வெட்டு, சின்னதாப் பஞ்சு ஒட்டியிருக்கு. பச்சத் தண்ணியில சவரம் பண்ணேன், அம்பது வருஷத்துல மொத தடவன்னாரு. நான் பக்கத்துல போயி மோந்து பாத்தேன். காடும் இல்ல, மழையும் இல்ல. வெறும் மனுஷன். கொஞ்சம் மீனு.

பாட்டிலக் கீழ நெலவறையில வெச்சுட்டேன், தூக்கிப் போடக் கை வரல, போடணுமான்னு கேட்டாரு. அந்த ஒசரத்துக்கு அப்பிடிக் குனிஞ்சு நின்னு கேட்டாரு. போடாதீங்க, எப்பத் தோணுதோ அப்பப் போயி மூடியத் தொறந்து மோந்து பாருங்க, எல்லெனோட எனக்கு ஒரு சண்டையும் கெடையாது, சண்டையெல்லாம் என் தோலுக்குத்தான்னேன். அவரு அழுதாரு. நானுந்தான். அப்பறம் மீன் வறுத்தோம், என் சட்டியில.

அவர்கிட்டக் கேட்டு வாங்கினதுதான் அந்த மாத்திர டப்பா. தீர்மானமாத் தெரிஞ்சுக்கணும்னு எடுத்துட்டு வந்தேன். தெரிஞ்சுருச்சு. அந்தப் பாசி அதுக்குள்ளதான் இருக்குங்கறீங்க, இல்லையா? பழைய சரக்குல நெறையப் போடுவாங்களா? ம்.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தச் சீட்டுல ஓக் பாசின்னு எழுதாம, பொதுவா, ஏதோ பொம்பளைங்க க்ரீம்னு... முடியாதா? ஒரு வார்த்ததானே? கம்பெனிக்காரங்க பர்ஃப்யூம்னு ஒத்த வார்த்த போட்டுத் தப்பிக்கல? சரி, சரி, கோவப்படாதீங்க. கேட்டுப் பாத்தேன். நீங்க எழுதினீங்கன்னா அவ வண்டியில ஏறுறதுக்குள்ள ஃபோன்ல தேடிருவா. ஓக் பாசி, எதுல இருக்கும், ஆம்பளைங்க சவர லோஷன்ல. அப்பறம் நான் எங்க போயி ஒளியறது?

எனக்கு எழுபத்தொண்ணு, அவருக்கு எழுபத்தி நாலு, ரெண்டு பேரும் தனியா இருக்கோம், மகளுக்குச் சந்தோஷமாத்தான இருக்கும்ங்கறீங்க. இருக்கும் டாக்டரம்மா. அம்மா, யாராவது நல்லவங்களாக் கெடச்சாப் பாரும்மான்னு அவளே சொல்லியிருக்கா. யாரோவா இருந்தாச் சந்தோஷந்தான் படுவா.

வெளிய அவ பக்கத்துல ஒசரமா ஒருத்தர் உக்காந்திருக்காருல்ல? ரோட்டுல பனி ஒறஞ்சிருக்கு, நீ ஓட்டாதம்மான்னு அவளத் தடுத்து, இன்னிக்கு எங்கள அவரு கார்ல ஏத்திட்டு வந்தவரு. ஹோல்கர். அவ புருஷனப் பெத்த அப்பா. எனக்குச் சம்பந்தி.

ஐயோ, மெதுவாச் சிரிங்க, வெளிய கேக்கும்.

போன ஞாயித்துக்கெழம அவ வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். என் மருமகன் எஸ்பென் அவன் அப்பாவக் கட்டிப்பிடிச்சவன் அப்பிடியே நின்னுட்டான். அப்பா, உங்க வாசன எங்க, ஒடம்பு சரியில்லையான்னான். ஹோல்கர் உருளக்கெழங்குத் தட்டையே பாத்துட்டிருந்தாரு. என் மக முந்திக்கிட்டா. எங்கம்மாவுக்கு வாசனையே ஒத்துக்காதுன்னு தெரிஞ்சதும் அவரா நிறுத்திட்டாரு, எவ்வளவு பெரிய மனசு பாருங்க, சம்பந்தின்னா இப்பிடி இருக்கணும்னு எழுந்து போயி அவரு கன்னத்துல ஒரு முத்தம் வெச்சா. அவருக்குக் காது நுனி வரைக்கும் செவந்துபோச்சு, எதையும் தடவாமயே. எஸ்பென் மட்டும் தோட்டத்துப் பக்கம் போயி நின்னான். அவங்கம்மா வாசன அதுதானே அவனுக்கு. அவன நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல. மகளச் சமாளிச்சிருவேன்.

இல்ல டாக்டரம்மா, நீங்க உள்ளத உள்ளபடி எழுதுங்க. ஓக் பாசின்னே போடுங்க, பெருசாவே போடுங்க. ஆக்னெட்டெ இனியாவது நிம்மதியாத் தூங்கட்டும்.

அந்தச் சட்டைய இப்பிடிக் குடுங்க. பொத்தான் போடற வரைக்கும் பொறுங்க. முடி சரியா இருக்கா? இப்பக் கூப்பிடுங்க அவள. அவரையுந்தான். இன்னொரு நாற்காலி இருக்கும்ல?